ஊசித்தட்டான்: நிறமும் நிலமும்

நம் கல்லூரிக்குக் கீழ்பால் உள்ள குளத்தில் வாழும் ஊசித்தட்டான்களின் பட்டியல் ஒன்றைச் சென்ற ஆண்டு யாம் எழுதி, விடுதிக் கூடத்துச் சுவரில் ஒட்டிவைத்தோம். அதில் 9 இனங்கள் கண்டிருந்தன. இளைய மாணாக்கர் சிலர் அதனைத் தம் ஏட்டிற் பெயர்த்தெழுதியுங் கொண்டனர். இவ்வாண்டுத் தொடக்கத்தில் நண்பர் சிலர் எம்மிடம் வந்து, அக்குளத்தின் வடகரையில் தெருச் சாக்கடை வந்து கலப்பதைத் தடுக்க வேண்டி விண்ணப்பம் ஒன்று எழுதுவதாகவும், குளத்தின் உயிர்வளத்திற்குச் சான்றாக எம் பட்டியலை அதனுடன் இணைக்க விரும்புவதாகவும் கூறினர். மகிழ்ந்தோம், மறுகணமே அஞ்சினோம். சுவரில் ஒட்டுதற்கு எழுதியது வேறு. அதிகாரிகள் முன்னே சான்றாக நிற்பது வேறு. மீண்டும் ஒருமுறை பார்த்துத் தருவோம் என்று தவணை கேட்டு, ஆறு திங்கள் அக்குளக்கரையிற் காலைதோறுந் திரிந்தோம். ஒன்பதில் நான்கு பொய்யென்பது தெளிந்தது. அவை பொய்த்த வகையை அறிதல், ஊசித்தட்டான்களை இனங்காணும் நெறியையே அறிதலாகும் ஆதலின், அதனை ஈண்டு எழுதுகின்றோம்.

தட்டாரப்பூச்சியை அறியாதார் நம் நாட்டில் இலர். அதன் வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்ட பாவம் நம்முட் பலர்க்கு உண்டு. ஊசித்தட்டான் அதற்கு நெருங்கிய உறவு. ஆயினும் அதனின் வேறு. தட்டாரப்பூச்சியின் கண்கள் பருத்துத் தலையின் பெரும்பகுதியையும் மூடுவன. ஊசித்தட்டானின் கண்களோ தராசுத் தட்டுக்கள் போலத் தலையின் இருபுறத்தும் விலகி நிற்பன. தட்டாரப்பூச்சியின் பின்சிறகு முன்சிறகினும் அகன்றது. ஊசித்தட்டானுக்கு நான்கு சிறகும் ஏறக்குறைய ஒரே வடிவின. அமருங்கால் முன்னது சிறகை விரித்தே வைத்திருக்கும். பின்னவற்றுட் பெரும்பாலன முதுகின்மேற் கூப்பிக்கொள்ளும். உடலோ நூல் கட்டவும் இடங்கொடாத மெலிவினது. சிறுவர் கைக்கு அது தப்பியது இம்மெலிவினாலே போலும்.

இவற்றைத் தும்பி என்று எழுதுவாரும் இந்நாளில் உளர். சங்க நூல்களிற் பயிலும் தும்பி மலர்தோறுஞ் சென்று தேன் நுகரும் வண்டின் வகை. ஊசித்தட்டான் தேனை அறியாது. கொசுவையும் சிற்றீயையும் பறந்து பிடித்துத் தின்னும் வேட்டை உயிர் அது. அதன் இளமைப் பருவமும் நீருக்குள் வேட்டையாடியே கழிவது. ஆதலின், தும்பியைப் புலவர்க்கே விட்டுவிட்டுத் தட்டான் என்னும் உலக வழக்கையே யாம் மேற்கொண்டோம். ஆதாம் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் பெயரிட்டான் என்று ஆதியாகமத்திற் படிக்கின்றோம். பூச்சிகளைப்பற்றி அங்கே பேச்சில்லை. அவ்வேலை பிற்காலத்தார்க்கு விடப்பட்டது போலும். அவர் பட்ட பாட்டை இனிக் காண்க.

வால் என்று நாம் சொல்வது உண்மையில் வாலன்று; வயிறு. அது பத்துக் கண்டங்களால் ஆயது. மார்பின் நிறம் யாது, வயிற்றின் எக்கண்டத்தில் எந்நிறம் உளது என்பவையே கண்ணாற் கண்டு இனம் அறிவதற்கு முதற் கருவி. இக்கருவியை நம்பியே யாம் முதலில் இறங்கினோம்.

குளக்கரையிற் கால்வைத்தவுடன் எதிர்ப்படுவது மஞ்சள் வயிறும் பசுமை கலந்த மார்பும் உடைய ஒன்று. வயிற்றில் ஒரு புள்ளியும் இல்லை. மஞ்சட் கிழங்கைச் சீவி ஒட்டியது போல் இருக்கும். செரியாக்ரியன் கோரமண்டேலியானம் என்பது அதன் நூற்பெயர். சோழமண்டலக் கரையின் பெயரைத் தாங்கிய இதற்கு 1798-ஆம் ஆண்டிற் பெயரிட்டவர் பப்ரீசியுஸ் என்பார். இப்பெயரைக் கண்டதும் நம் கிறிஸ்தவ நண்பர், வேதாகமத்தைத் தமிழிற் பெயர்த்தவரும் 1779-இல் தமிழ் அகராதி வெளியிட்டவருமான பப்ரீசியுஸ் ஐயரை நினைப்பர். யாமும் அவ்வாறே நினைத்துச் சில நாள் பெருமையுங் கொண்டோம். அவர் வேறு, இவர் வேறு. ஐயர் யோகான் பிலிப் பப்ரீசியுஸ், ஜெர்மானியர், 1791-இற் காலஞ்சென்றவர். பூச்சிநூலாரோ யோகான் கிறிஸ்தியன் பப்ரீசியுஸ், தென்மார்க்கு நாட்டினர், லின்னேயுஸின் மாணாக்கர். பெயர் ஒத்தலால் ஆள் ஒன்றென மயங்கினோம். பட்டியலில் யாம் செய்த பிழையோ இதற்கு மறுதலை. நிறம் வேறுபட்டமையால் ஒன்றினையே பலவெனக் கொண்டோம்.

அம்முதற் பிழை இதுவாகும். மஞ்சளூசி பறக்கும் அதே கரையில், அதே பருமனில், மங்கிய பழுப்பும் பசுமையும் கலந்த ஒன்றும் இருந்தது. அதனைத் தனி இனமாக எழுதினோம். பின்னர் ஒருநாள் மஞ்சளூசி தன் வயிற்று நுனியிலுள்ள பற்றுறுப்புக்களால் அம்மங்கலூசியின் முன்மார்பைப் பற்றிக்கொண்டு, இரண்டும் ஒரு கோல் போல நீண்டு பறந்துவந்து, நீர்ப்பூண்டின் தண்டில் அமர, பின்னது அத்தண்டிற் கீறி முட்டை வைப்பதைக் கண்டோம். அது மஞ்சளூசியின் பெண். ஆண் மயிலையும் பெண் மயிலையும் ஒருவரும் இரண்டு பறவையாக எண்ணுவதில்லை. ஊசித்தட்டானில் யாம் எண்ணினோம். மஞ்சள் என்னும் நிறமேனும் உறுதியானதோ எனின், அதுவுமன்று. இஸ்க்னூரா ருபிலியோ என்னும் சிற்றினத்தின் ஆணுக்கும் வயிறு மஞ்சளே. ஆயின் நுனியில் நீலம் உண்டு. நீல நுனியைக் காணுமுன் அது பறந்துவிடின், காண்பான் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவான்.

அடுத்தது இஸ்க்னூரா செனகலென்சிஸ். 1842-இல் ராம்பர் என்னும் பிரெஞ்சு அறிஞர் ஆப்பிரிக்காவிலுள்ள செனகல் நாட்டின் பெயரால் இதனை வழங்கினார். ஆப்பிரிக்கா தொடங்கி ஜப்பான் வரை பரந்து வாழ்வது இது. ஆணின் மார்பு பக்கங்களிற் பசுமை. வயிறு மேலே கருமை. எட்டாங் கண்டம் மட்டும் அடுப்பின் நீலச்சுடர் போல ஒளிரும். தொலைவிற் பறக்கும்போது உடல் தெரியாது. நீலப்பொட்டு ஒன்று தானே புல்லிடை நகர்வது போலத் தோன்றும். இதனைக் காண்பதில் மயக்கம் இல்லை. மயக்கம் இதன் அயலிலே அமர்ந்திருந்த ஆரஞ்சு நிறத்ததில் நேர்ந்தது. என்னே அழகென்று வியந்து, தனி இனமெனக் குறித்தோம்.

இவ்வாண்டு அவ்வாரஞ்சு ஊசிகளை ஒவ்வொன்றாக நோக்கினோம். பெண்ணூசியின் வயிற்றுக்கடை அடிப்புறத்தில், முட்டையிடும் உறுப்பினாற் சிறிது புடைத்திருக்கும். ஆணுக்கு அப்புடைப்பு இல்லை. யாம் கண்ட ஆரஞ்சு ஊசி ஒவ்வொன்றும் புடைப்புடையதே. ஓரினம் முழுதும் பெண்ணாகவே இருக்குமாயின் அதன் ஆண்கள் எங்கே போயின? இவ்வினா எம்மை இரவெல்லாம் அலைத்தது. விடை நூலகத்தில் இருந்தது. செனகலென்சிஸின் இளம் பெண்ணே அவ்வாரஞ்சு நிறத்தினள். முதிரமுதிர அந்நிறம் மங்கிப் பழுப்பும் பசுமையுமாய் மாறிவிடும். இன்னும் ஒரு வியப்பு: இதே இனத்துப் பெண்களுட் சில, ஆணின் நிறத்தையும் நீல நுனியையும் அப்படியே பூண்டிருக்கும். ஆண்களின் ஓயாத துரத்தலுக்குத் தப்புதற்கு இக்கோலம் உதவுகின்றது என்று அறிஞர் பலர் கருதுவர். ஆகவே, ஆண் என்று யாம் எண்ணிக் கணக்கெழுதியவற்றுள்ளும் பெண் எத்தனை இருந்தனவோ, இப்போது சொல்லற்கில்லை.

மூன்றாவது, இவை எல்லாவற்றினும் சிறியதும் எம்மைப் பெரிதும் ஏமாற்றியதுமாகிய அக்ரியோக்னெமிஸ் பிக்மேயா. தலைமுதல் நுனிவரை ஓரங்குலமும் இல்லை. நெல்வயலின் வரப்புப் புல்லிலும் குளத்தோரக் கோரையிலும் முழங்காலுக்குக் கீழே பறப்பது. குனிந்தார்க்கன்றிக் காட்சி தாராது. ஆணின் மார்பு கருமையிற் பசுங்கோடு உடையது. வயிற்றின் நுனி செங்கல் நிறம். இதனைச் சரியாகவே எழுதியிருந்தோம். ஆயின் இதே புல்லில் முழுதும் செக்கச்செவேலென ஒன்று இருந்தது. அஃது ஓரினம் என்றோம். வெண்மாவில் தோய்த்தெடுத்தது போல் மற்றொன்று இருந்தது. அது வேறோர் இனம் என்றோம். பின்னதற்குப் பெயருங் கூடக் கிடைத்தது. அக்ரியோக்னெமிஸ் பயரிஸ் என ஓரினம் உண்டு. அதன் ஆண் வெண்பொடி பூத்தது. 1919-இல் லெய்ட்லா என்பார் அதனை விளக்கி எழுதியுள்ளார். பெயர் கிடைத்த மகிழ்ச்சியில் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டோம்.

சிவந்தவை யாவும் பெண். வெளுத்தவை யாவும் ஆண். ஆரஞ்சு ஊசியிடம் பாடங் கற்றிருந்தமையால் இம்முறை ஐயம் விரைந்தே எழுந்தது. கொசுவலைத் துணியால் ஒரு கூடு தைத்து, உள்ளே புல்லும் ஈரமும் வைத்து, கனிந்த வாழைப்பழத்தில் மொய்க்கும் சிற்றீக்களை விட்டு, சிவந்தவை மூன்றினை அடைத்துவைத்தோம். இரண்டு மறுநாளே இறந்தன. அதற்காக இன்றும் வருந்துகின்றோம். மூன்றாவது பிழைத்தது. ஒரு கிழமைக்குள் அதன் செம்மை மாசுண்டது. மார்பின் பக்கத்திற் பசுமை படர்ந்தது. பின்னர், செங்கல் நுனியாண் பற்றிப் பறக்கும் பசும்பெண்ணிற்கும் அதற்கும் வேற்றுமை காணற்கு அரிதாயிற்று. சிவப்பு என்பது அதன் இளமை; இனமன்று.

வெளுத்ததைக் கூட்டில் அடைக்க வேண்டியிருந்ததில்லை. கோரையிடையே பொறுமையோடு பார்த்தபோது, மார்பு மட்டும் வெளுத்து நுனி இன்னும் செங்கல் நிறமாகவே உள்ளது ஒன்று. நுனியிலும் வெண்மை ஏறிச் செம்மை உள்ளே மங்கலாகத் தெரிவது ஒன்று. முழுதும் வெளுத்தது ஒன்று. இப்படிப் படிப்படியாக எல்லா நிலையும் ஒரே காலையிற் கண்டோம். பயரிஸின் நுனியிற் செம்மை இல்லை. ஆகவே இவை பிக்மேயாவின் முதிய ஆண்கள். அவ்வெண்மை, முதுமையில் உடலின் மேற் பூக்கும் மெழுகுப்பொடி. நரையைக் கண்டு வேறு குலத்தார் என்று எழுதிவிட்டோம்!

செரியாக்ரியன் செரினோருபெல்லம் இத்தகைய தொல்லை ஒன்றுந் தந்ததில்லை. மார்பு பசுமை, வயிற்றின் தொடக்கமும் கடையும் செவ்வாரஞ்சு, இடையே கருமை. ஆணும் பெண்ணும் ஏறத்தாழ ஒரே கோலம். குளத்தின் தென்மூலையில், மரநிழல் விழும் தெளிந்த நீரோரத்தில் மட்டும் அதனைக் கண்டோம். தன்னினும் சிறிய ஊசித்தட்டான்களைப் பிடித்துத் தின்பது அதன் வழக்கம். ஒருநாள் பிக்மேயா ஒன்றைத் தலையிலிருந்து தின்னத் தொடங்கியதை முழுதும் நின்று பார்த்தோம்.

இறுதியாக நீலமும் கருமையுமாகிய ஒன்று. இதனைச் சூடாக்ரியன் மைக்ரோசெபலம் என்று துணிந்து எழுதியிருந்தோம். இப்போது அத்துணிவு இல்லை. சூடாக்ரியன் ஆஸ்திரலேசியே, சூடாக்ரியன் மலபாரிக்கம் என்னும் வேறிரண்டும் இதே நீலம், இதே கருமை. ஆணின் வயிற்று நுனியிலுள்ள பற்றுறுப்புக்களின் வடிவத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியிற் பார்த்தே மூன்றையும் பிரித்தல் வேண்டும். மலபாரிக்கத்தை 1924-இல் வேறெனக் காட்டியவர் பிரேசர் என்னும் படைமருத்துவர். இந்திய ஊசித்தட்டான்களையும் தட்டாரப்பூச்சிகளையும் 1933, 1934, 1936-ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதியாக எழுதி முடித்தவரும் அவரே. அத்தகையோரே கண்ணாடி கொண்டு பார்த்ததை யாம் கரையில் நின்று தீர்ப்புச் செய்தோம்!

நிறம் இங்ஙனம் ஆணுக்கொன்று, பெண்ணுக்கொன்று, இளமைக்கொன்று, முதுமைக்கொன்று என மாறுமாயின் எதனைப் பற்றுவது? இறந்தபின்னரோ நீலமும் பசுமையும் மங்கி எல்லாம் பழுப்பாகிவிடும் ஆதலின், பெட்டியிற் குத்திவைத்த உடலும் பல வேளை துணையாவதில்லை. ஈண்டே நிலம் உதவிக்கு வருகின்றது. தமிழிலக்கணம் பயில்வார்க்கு இது புதிதன்று. இன்ன நிலத்திற்கு இன்ன புள், இன்ன மரம் என்று கருப்பொருளை நிலத்தோடு சேர்த்தே நம்மவர் எண்ணினர்.

பொதியமலைச் சாரலில், கற்களிடை ஓடும் நீரோடைக்குச் சென்ற விடுமுறையிற் போயிருந்தோம். அங்கே யாம் குளத்திற் கண்ட ஒன்றும் இல்லை. நியூரோபேசிஸ் சைனென்சிஸ் ஓடைநடுப் பாறையில் அமர்ந்திருந்தது. லின்னேயுஸ் 1758-இலேயே பெயரிட்ட பேரழகு அது. அமர்ந்திருக்கும்போது செம்புப் பழுப்பான எளிய பூச்சி. எழுந்து சிறகு விரித்ததும் பின்சிறகின் மேற்புறம் மரகதமாய் மின்னிற்று, அமர்ந்ததும் அவிந்தது. அப்பசுமை சாயப்பொருளால் ஆயதன்று. சிறகின் நுண்ணிய அடுக்குக்களிற் பட்டு மீளும் ஒளியால் ஆயது. அதன் பெண்ணுக்கு அம்மின்னல் இல்லை; பழுப்புச் சிறகில் வெண்புள்ளி உண்டு. ஓடையோர நிழலில் வெஸ்டாலிஸ் இனங்கள் இரண்டு உலவின. இரண்டிற்கும் உடல் பொன்கலந்த பசுமை. கிரசிலிஸுக்குச் சிறகு முழுதும் தெளிவு, அபிகாலிசுக்குச் சிறகின் முனையிற் கருமை. இவை ஓடும் நீரையும் நிழலையும் விட்டு நம் குளத்திற்கு வருவன அல்ல. ஆகவே குளக்கரையிற் பசுமையாய் மின்னும் ஒன்றை ஒருவர் கண்டதாகச் சொன்னால், முதலில் ஐயுறுதலே முறை.

மரங்கள் கவிந்த கால்வாய்க் கரையில் கோபெரா மார்ஜினிபெஸ் வாழும். ஆணின் கால்கள் பளிச்சென்ற மஞ்சள். அதன் இளையது பால் போல் வெளுத்து, நிழலிற் பேய்போல் மிதக்கும். குளத்தின் வெள்ளூசி முதுமை. கால்வாயின் வெள்ளூசி இளமை. நிறம் ஒன்றே, நிலத்தைக் குறித்துவைத்தவனுக்கே இரண்டும் வேறெனத் தெரியும். மழைநீர் தேங்கும் பள்ளங்களிலோ லெஸ்டெஸ் இனங்கள் உள. இவை முன்சொன்ன இலக்கணத்திற்குப் புறனடை. சிறகை முழுதுங் கூப்பாமற் பாதி விரித்தே அமர்வன. வைக்கோல் நிறத்தவான சில, காய்ந்த புல்லோடு புல்லாய் மறைந்திருக்கும்.

நிலமும் முடிந்த முடிபன்று. ஒரு நிலத்திற்குரிய பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்திற் காணப்படின், அவற்றை வந்த நிலத்தின் பொருளாகவே கொள்ளலாம் என்பது தொல்காப்பியர் கருத்து. செய்யுட்கு அது தகும். பட்டியலுக்குத் தகாது. காற்றடித்துவந்த ஊசித்தட்டான் ஒன்று ஒருநாள் நம் குளக்கரைப் புல்லில் அமர்ந்தால் அது நம் குளத்ததாகிவிடாது. இணைந்து பறத்தல், முட்டை வைத்தல், கோரைத் தண்டிற் கழற்றிவிட்டுப்போன இளமைத்தோல் ஆகியவற்றுள் ஒன்றையேனும் காணும்வரை எதனையும் குளத்திற்குரியதென எழுதாமை நன்று. இதனை விதியாகக் கொண்டு, ஏட்டில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே நிறத்தை மட்டுமன்றி ஆணோ பெண்ணோ, இளையதோ முதியதோ, எவ்வகை நீர், நிழலோ வெயிலோ, தனித்தோ இணைந்தோ என்பவற்றையும் இப்போது எழுதிவருகின்றோம். இளையதைச் சிறகின் கண்ணாடிப் பளபளப்பாலும் தளர்ந்த பறப்பாலும் பெரும்பாலும் அறியலாம்.

விண்ணப்ப நண்பர்களிடம் இவற்றைக் கூறியபோது அவர் முகம் வாடிற்று. ஒன்பது என்பது ஐந்தினும் வலிமையுடைய எண் அல்லவா? அவருள் ஒருவர், ஒன்பதாகவே இருக்கட்டும், அதிகாரிகளுட் குனிந்து பார்ப்பார் யார் என்றும் சொன்னார். எண்ணிப் பார்க்க. ஒன்பது என எழுதிக்கொடுத்து, நாளை அறிந்தார் ஒருவர் வந்து ஐந்தே கண்டால், சாக்கடையால் நான்கு அழிந்தன என்று நாம் முறையிடுவோம். அந்நான்கும் ஒருநாளும் இருந்ததில்லை என்று அவர் காட்டுவார். அதன்பின், சாக்கடை உண்மையிலேயே செய்யுங் கேட்டை நாம் சொன்னாலும் கேட்பார் யார்? உண்மைக் கேடோ கண்முன் உளது. செனகலென்சிஸ் அழுக்குநீரையும் உவர்நீரையும் பொறுத்து வாழ வல்லது. வடகரையில், சாக்கடை கலக்கும் இடத்தில், இவ்வாறு திங்களில் யாம் கண்டது அது ஒன்றே. செரினோருபெல்லம் தென்மூலையை விட்டு அப்பக்கம் சென்றதை ஒருமுறையும் கண்டிலோம்.

இவ்வேறுபாட்டையே விண்ணப்பத்தில் எழுதும்படி கூறினோம். நீண்ட வாதத்தின்பின் உடன்பட்டனர். இணைப்புத் தாளில் இப்போது ஐந்து வரிகள் உள. நான்கில் பெயர் உண்டு. ஐந்தாவது வரியில், 'சூடாக்ரியன், நீலமும் கருமையும், தென்கரையிலும் கீழ்கரையிலும் இணைந்து முட்டை வைக்கக் கண்டது, இனம் துணியப்படவில்லை' என்று எழுதியிருக்கின்றோம். ஏட்டிற் பெயர்த்தெழுதிக்கொண்ட இளைய நண்பர்கள் 2, 4, 6, 7 ஆகிய எண்களை அடித்துவிட்டு, 8-இல் இனப்பெயரை நீக்கிக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.